இஸ்திரிக் கூடத்தில் கைதட்டல்

அந்தச் சலவை ஆலையில் அவளுக்கு இரண்டு பொறுப்புகள். காலையில் இஸ்திரி இயந்திரத்தை ஓடவிடுவது ஒன்று. யாராவது தப்பு செய்தால் முதல் ஆளாகக் கைதட்டுவது இன்னொன்று. முதலாவதற்குச் சம்பளம் உண்டு. இரண்டாவது அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது. பிறகு இறக்கி வைக்க இடம் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஸ்டார்ட்டர் அக்கா என்று பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது சம்பள நாளில் மட்டும் வெளியே வந்து காற்று வாங்கிவிட்டுத் திரும்ப உள்ளே போய்விடும்.

ஆஸ்பத்திரிகளும் தங்கும் விடுதிகளும் அழுக்காக்கி அனுப்பும் படுக்கை விரிப்புகள் அந்த ஆலைக்குள் ஒரு வாசல் வழியாக மூட்டை மூட்டையாக நுழைந்து, மறு வாசல் வழியாகச் சதுரம் சதுரமாக வெளியேறும். இடையில் ஊறும், சுழலும், பிழிபடும். கடைசியாக இஸ்திரிக் கூடம். கூடத்தின் நடுவே ஆள் உயரத்துக்கு அந்த இயந்திரம். உள்ளே தகிக்கும் உருளைகள். ஈர விரிப்பின் ஒரு முனையை ஒருத்தியும் மறு முனையை இன்னொருத்தியும் பிடித்து, சுருக்கம் போக இழுத்து, உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் விரிப்பு புதுக் காகிதம் போல மொடமொடவென்று வந்து விழும்.

உருளைக்கும் கைக்கும் நடுவே குறுக்காக ஒரு கம்பி உண்டு. கை தப்பித்தவறி அதில் பட்டால் உருளைகள் பட்டென்று நிற்க வேண்டும். அவ்வளவுதான் பாதுகாப்பு. காலையில் ஸ்டார்ட்டர் அக்கா இயந்திரத்தை ஓடவிட்டு, துடைப்பக் கட்டையால் கம்பியைத் தட்டுவாள். உருளை நிற்கும். "சரீ!" என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். அந்தக் குரல் கேட்ட பிறகே பெண்கள் கொண்டையை இறுக்கிக்கொண்டு வரிசைக்கு வருவார்கள். கடவுள் நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் அந்தக் கூடத்தில் இருந்தார்கள். ஆனால் அந்த "சரீ"யை நம்பாதவர்கள் கிடையாது.

அவளுடைய கணவன் வேலை தேடி வெளியூர் போனவன். தேடல் இன்னும் முடியவில்லை. ஒரே மகன் லாரி ஓட்டுகிறான். கல்யாணம் செய்துகொண்டான், லாரியில் ஏறினான், அவ்வப்போது போன் செய்கிறான். அவன் விட்டுப்போன மருமகளை ஸ்டார்ட்டர் அக்கா தன்னோடு ஆலைக்கு அழைத்து வந்து, இயந்திரத்தில் தனக்கு ஜோடியாக நிறுத்திக்கொண்டாள். "வீட்டுல உட்கார்ந்து என் மூஞ்சியவே பார்த்துட்டு இருந்தா பைத்தியம் பிடிச்சிடும். வா, அங்க வந்து பாரு" என்றாள். வலது முனை மாமியாருக்கு, இடது முனை மருமகளுக்கு. இரண்டு பேருக்கும் எப்போது சண்டை வரும் என்று கூடமே ஆவலாகக் காத்திருந்தது. இரண்டு பேரும் அந்த விஷயத்தில் கூடத்தை ரொம்ப ஏமாற்றினார்கள்.

கைதட்டலுக்கு வருவோம். அது நல்ல மனதோடு தொடங்கியதுதான்.

அப்போது மேலாளராக இருந்தவர் இடி சார். அவர் வாயைத் திறந்தால் தகரக் கூரை அதிரும். புதிதாக வந்த பெண் ஒருத்தி ஒரு நாள் தலையணை உறைகளை உருளைக்குள்ளேயே விட்டுவிட்டு, அவ்வளவையும் காப்பி நிறத்துக்கு வறுத்தெடுத்துவிட்டாள். இடி சார் இடித்தார். அந்தப் பெண் அழுத அழுகையில் உறைகளை மறுபடி ஊறவைத்திருக்கலாம். என்ன செய்வதென்று தெரியாமல் நம் அக்கா படபடவென்று கைதட்டினாள். "கலர் பிரமாதம்! இனிமே அழுக்கே தெரியாது!" கூடம் சிரித்தது, கைதட்டியது. அழுதவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். அடுத்த இடியை எங்கே இறக்குவது என்று இடி சாருக்குப் பிடிபடவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து யார் தப்பு செய்தாலும் கைதட்டல். மூட்டை சரிந்தால் கைதட்டல், துணி மாறிப்போனால் கைதட்டல். அதிலிருந்து சிரிப்பு எப்போது ஆவியாகிப் போனது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. பிடிக்காதவர்கள் மாட்டிக்கொண்டபோது கொஞ்சம் அதிகமாகத் தட்டிப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. பிறகு மெதுவாகத் தட்டிப் பார்த்தார்கள். அது இன்னும் நன்றாக இருந்தது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே, வாங்கிக்கொள்பவர் தன் பிறப்பைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு இடைவெளி. தட்டு வாங்கியவள் அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை; பக்கத்தில் போய் யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான். "அவன் தட்டு வாங்கிட்டான்" என்றால் அந்த ஆலையில் செருப்படிக்கு ஒரு படி மேல்.

எப்போதும் முதல் தட்டு ஸ்டார்ட்டர் அக்காவுடையது. அவள் தொடங்காவிட்டால் கூடம் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கும். அந்தப் பார்வையைத் தாங்குவதைவிடத் தட்டிவிடுவது சுலபம். அடுத்த முறை தட்டாமல் இருந்து பார்க்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வாள்.

இடி சார் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு வந்தவருக்குச் சிரிப்பு சார் என்று பெயர் வைக்கக் கூடம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன வயது, சுத்தமான பல். நல்ல மனிதர், இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. தலைமை அலுவலகம் அவரை ஏதோ ஒரு ஓட்டலில் நடந்த பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. ஊழியர்கள் பயமில்லாமல் வாய் திறந்து பேசினால்தான் நிறுவனம் பிழைக்கும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். சொன்னது உண்மைதான். அவரும் அதை முழுசாக நம்பினார். திரும்பி வந்ததும் சுவரில் ஒரு பதாகை மாட்டினார்: "இங்கே பயத்துக்கு இடமில்லை." மடிப்புப் பகுதியில் நாக்கு நீளமான ஒருத்தி இருந்தாள், மடிப்புக்காரி என்பார்கள். அவள் அண்ணாந்து படித்துவிட்டு, "அப்போ வீட்டுலயே வச்சுட்டு வரணுமா? முன்னாடியே சொல்லியிருந்தா டிபன் பையில வேற எதையாவது வச்சிருப்பேனே" என்றாள்.

சோப்புக் கட்டிகள் வந்த மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, கூடத்தின் முன்னால் போட்டு, அதற்குத் தைரிய மேடை என்று பெயரும் சூட்டினார் சிரிப்பு சார். எல்லோரையும் நிறுத்திப் பேசினார்.

"என்கிட்ட யாருக்கும் பயம் வேண்டாம். தப்பு பண்ணினா தண்டனை கிடையாது, ஒளிச்சாதான் தப்பு. தன்னோட தப்பை ஒத்துக்கறவங்க, ஏதாவது கோளாறைப் பார்த்தவங்க, காலைக் கூட்டத்துல இந்த மேடையில ஏறிச் சொல்லுங்க. நாம எல்லாரும் அவங்களுக்குப் பலமா கைதட்டுவோம்!"

கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். அவர் அதை நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

மடிப்புக்காரி பக்கத்தில் நின்றவளின் காதைக் கடித்தாள்: "இடி சாரே தேவலடி. திட்டுவாரு, மறந்துடுவாரு. இவரு மேடை கட்டி அடிக்கச் சொல்றாரு. அதுவும் நம்ம கையாலயே."

இன்னொரு உத்தரவும் அன்றைக்கே வந்தது. இடி சார் காலத்தில் இயந்திரத்தில் கோளாறு என்றால், ஸ்டார்ட்டர் அக்கா டீ நேரத்தில் மெக்கானிக்குக்குப் பக்கத்தில் போய் நின்று, சுவரைப் பார்த்தபடி, "கடைசி உருளை முனகுதுப்பா" என்பாள். மெக்கானிக்கை ஸ்பேனர் என்று கூப்பிடுவார்கள். அவனும் சுவரைப் பார்த்தபடி "ம்" என்பான். சாயங்காலத்துக்குள் முனகல் நின்றிருக்கும். மேலிடத்துக்கு எதுவும் தெரியாது. யாருக்கும் தட்டு விழாது. சிரிப்பு சாருக்கு இந்தச் சுவர்ப் பேச்சு பிடிக்கவில்லை. "ரகசியம்தான் நம்பிக்கைக்கு எதிரி. இனிமே எந்தக் கோளாறும் கூட்டத்துல வெளிப்படையா வந்த பிறகுதான் மெக்கானிக் கை வைக்கணும்" என்றார். கொடுமைக்காரர் ஆட்சியில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. நல்லவர் வந்து, காற்று தாராளமாக வரட்டும் என்று சொல்லி அதை அடைத்தார்.

புதுச் சட்டத்தை முதலில் நம்பியவன் நுரை. ஊறவைக்கும் பகுதியில் வேலை. முழங்கை வரை எப்போதும் நுரை இருக்கும், அதனால் அந்தப் பெயர். வாழ்க்கையில் யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுகிற ஆள். ஒரு காலையில் கையைத் துடைத்துக்கொண்டு மேடையில் ஏறினான்.

"நேத்து லாட்ஜ் துணிக்கு வெளுப்புத்தூளை மறந்துபோய் இன்னொரு தடவை போட்டுட்டேன் சார். துணி நைஞ்சிருக்கும். அனுப்பறதுக்கு முன்னாடி பார்த்துடுங்க."

"அற்புதம்!" சிரிப்பு சாருக்கு உண்மையாகவே கண் பளபளத்தது. "இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். எங்க, எல்லாரும்!"

கூடம் ஸ்டார்ட்டர் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. நுரையும் பார்த்தான். புது சார் சொல்லித் தட்டுகிற தட்டு வேறு மாதிரி இருக்கும் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். முகத்தில் ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்தது. அவள் கை தூக்கினாள். நாள்பட்ட பழக்கம் கையில் இருந்தது. தட்டு மெதுவாகத்தான் விழுந்தது. பின்னாலேயே கூடமும் மெதுவாகத் தட்டியது. சிரிப்பு சார் மட்டும் படபடவென்று உற்சாகமாகத் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தாளத்துக்கும் நடுவே நின்ற நுரையின் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பு கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து போனதை அவள் கடைசி வரை பார்க்க வேண்டியிருந்தது.

அன்று மதியம் நுரை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாகச் சாப்பிட்டான். அடுத்து வந்த நாட்களில் அவனைக் கடந்து போகிறவர்கள் எல்லோரும், "என்னப்பா, இன்னிக்கு எதையாவது ஒத்துக்கறியா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மாதம் முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டான்.

சிரிப்பு சார் ஸ்டார்ட்டர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி போட்டார். தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தார். இடி சார் காலத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்ததே கிடையாது. நாற்காலியின் நுனியில் பாதி உடம்பை மட்டும் வைத்துக்கொண்டாள்.

"அவர் ஏம்மா போனாரு? அன்னிக்கு அவ்வளவு பேர் பாராட்டினோம். மறுநாள் முகமே சரியில்ல. எனக்கு என்னமோ உறுத்துது. நான் ஏதாவது தப்பாப் பண்றேனா? பயப்படாம சொல்லுங்க."

கேட்டுவிட்டார். அதுவும் சரியான ஆளிடம், சரியான கேள்வியை. அவளுக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது: சார், இங்க கைதட்டறது பாராட்டு இல்ல, அது வேற. அதை ஆரம்பிச்சவளே நான்தான்.

சொல்லியிருப்பாள். ஆனால் சிரிப்பு சாருக்கு ஒரு பழக்கம். யாராவது அறைக்குள் வந்து தனியாக ஒன்றைச் சொன்னால், மறுநாள் கூட்டத்தில், "நேத்து நம்ம அக்கா ஒருத்தங்க எவ்வளவு தைரியமா என்கிட்ட வந்து பேசினாங்க தெரியுமா!" என்று ஆளைச் சுட்டிக் காட்டிப் பெருமைப்படுத்துவார். புகழ்ச்சி ஒரு கவசம் என்பது அவர் எண்ணம். நாளைக்கு அந்தப் பெட்டியின் மேல் தான் நிற்பதையும், கூடம் பார்ப்பதையும் அவள் நினைத்துப் பார்த்தாள். டீயை ஒரே மடக்கில் குடித்தாள், நாக்கு சுட்டது.

"அவருக்கு வேற இடத்துல வேலை கிடைச்சிடுச்சு சார்."

"நிஜமாவா? வேற ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல சார். எல்லாரும் சந்தோஷமா இருக்கோம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்க்க அவளுக்கே கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. நல்ல மனிதரை நோகடிக்க யாருக்குத்தான் மனசு வரும்?

அதன் பிறகு ஒரு காலையில்தான் கம்பி தாமதித்தது.

துடைப்பக் கட்டையால் தட்டினாள். உருளை நின்றது. ஆனால் நிற்பதற்கு முன் ஒரு சின்ன அசைவு அசைந்துவிட்டு நின்ற மாதிரி இருந்தது. கண் ஏமாற்றுகிறதோ? மறுபடி தட்டினாள். அதே மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பின்னால் பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். "என்ன அத்தை?" என்றாள் மருமகள். "சரீ!" என்று கத்திவிட்டாள்.

மறுநாள் சந்தேகமே இல்லை. உருளை சாவகாசமாக, யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற மாதிரி நின்றது. இப்போது சொல்லலாம். ஆனால் நேற்றும் இப்படித்தானே இருந்தது, நேற்று "சரி" சொன்னது யார்? மேடையில் ஏறினால் இயந்திரத்தின் கோளாறோடு தன் கோளாறையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் கூடம் நம்பிய குரல். அதற்கு விழப்போகிற தட்டு எப்படி இருக்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? நாளைக்கு, ஸ்பேனர் தனியாகக் கிடைத்தால், என்று தள்ளிவைத்தாள். "சரீ!" இந்த முறை குரல் கொஞ்சம் அதிகமாகவே எழும்பியது.

ஸ்பேனர் கிடைத்தான். டீ நேரத்தில் பக்கத்தில் போய் நின்று, சுவரைப் பார்த்தபடி, "கம்பியைக் கொஞ்சம் பாருப்பா" என்றாள்.

ஸ்பேனர் சுவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். "கூட்டத்துல சொல்லிடுங்கக்கா. சொல்லாம நான் கை வச்சேன்னு தெரிஞ்சா, என்னையும் அந்தப் பெட்டி மேல ஏத்திடுவாங்க. எனக்குக் குடும்பம் இருக்கு."

"இல்லப்பா, சும்மாதான் சொன்னேன். ஒண்ணும் பெருசா இல்ல."

"அதானே பார்த்தேன்" என்றான் அவன். நிம்மதியாக டீயைக் குடித்தான்.

ஒவ்வொரு "சரீ"யும் முந்தைய "சரீ"யின் மேல் ஏறி உட்கார்ந்தது. அவளால் முடிந்த ஒன்றை மட்டும் செய்தாள். விரிப்பைக் கொடுக்கும்போதெல்லாம் இடது முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "விரலை முன்னாடி விடாதடி."

"தெரியும் அத்தை."

"முனையைக் கொடுத்ததும் கையை எடுத்துடணும். பின்னாடியே போகக் கூடாது."

"தெரியும் அத்தை."

"என்னத்த தெரியும்? மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

மருமகள் நிமிரவில்லை. "தெரியும்னு சொல்றேன்ல. கையைப் பார்த்து வேலை செய்யச் சொல்றீங்க, மூஞ்சியையும் பார்க்கச் சொல்றீங்க. எனக்கு என்ன நாலு கண்ணா இருக்கு?"

கூடம் காதைத் தீட்டிக்கொண்டது. கடைசியில் சண்டை வருகிறதோ? வரவில்லை.

நடந்தது ஒரு சாதாரண முற்பகலில். ஆஸ்பத்திரி விரிப்பு, ஓரத் தையல் பிரிந்து வளையமாகத் தொங்கியிருக்கிறது. மருமகளின் இடது கை விரல்கள் அதில் மாட்டிக்கொண்டன. விரிப்பு உள்ளே போனது, கையையும் கூப்பிட்டுக்கொண்டு போனது. கை கம்பியில் பட்டது. கம்பி தன் வேலையைச் செய்தது. உருளை நின்றது, தன் நேரம் எடுத்துக்கொண்டு.

வலது முனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அதை விடவே இல்லை. ஸ்பேனர் ஓடி வந்து உருளையைத் தூக்கிக் கையை வெளியே எடுக்கும்வரை, விட்டால் விரிப்பு தரையில் பட்டு அழுக்காகிவிடும் என்பது போல அதை இறுக்கிப் பிடித்தபடியே நின்றாள். யாரும் கைதட்டவில்லை என்பதை மடிப்புக்காரி பிறகு ஒரு நாள் குறிப்பிட்டுச் சொன்னாள்.

கட்டை விரல் முழுசாகத் தப்பியது. மற்றவற்றைப் பற்றி மருத்துவர் நீளமாகப் பேசினார். சுருக்கம், எதுவும் மிஞ்சாது என்பதுதான். சிரிப்பு சார் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். நடைக்கூடத்தில் சுவரோரம் திரும்பி நின்று அழுதார். கட்டிலில் விரித்திருந்தது நம் ஆலையில் வெளுத்த விரிப்பு என்பதை ஸ்டார்ட்டர் அக்கா மடிப்பை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். அதைப் போய் யாரிடம் சொல்ல?

மறுநாள் டீ ஆறுவதற்குள் ஸ்பேனர் கம்பியைச் சரிசெய்துவிட்டான். உள்ளே சோப்புத் துண்டு அளவுக்கு ஒரு தேய்ந்த பாகம், மாற்றினால் தீர்ந்தது. சரிசெய்த கையோடு வெளியே போய் வாந்தி எடுத்தான்.

சில நாட்கள் கழித்துச் சிரிப்பு சார் கூட்டம் போட்டார். பல் தெரியவில்லை. "யாரையும் குத்தம் சொல்ல நான் வரல. யாருக்கும் தண்டனை கிடையாது. ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். கம்பி சரியில்லன்னு யாருக்காவது முன்னாடியே தெரியுமா?"

ஸ்பேனர் தரையைப் பார்த்தான். எல்லோரும் அவரவர் பங்குத் தரையைப் பார்த்தார்கள். ஸ்டார்ட்டர் அக்கா நடந்துபோய்ப் பெட்டியின் மேல் ஏறினாள். பெட்டி ஆடியது, இத்தனை நாளில் அதில் ஏறிய இரண்டாவது ஆள் அவள்தான், அதனால் அது ஆடும் என்பதே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"எனக்குத் தெரியும் சார். கம்பி லேட்டா நின்னுச்சு. பார்த்துட்டேதான் தினமும் சரின்னு சொன்னேன்."

"ஏம்மா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். ஏன் என்று கேட்டால் குற்றம் சாட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கண் நிறைந்து வழிந்தது. "சொந்த மருமகளோட கை போயும், இவ்வளவு பேர் முன்னாடி... இந்தத் தைரியத்துக்குத்தான் நான்..." சொல்ல வராததைக் கைகளால் சொன்னார். தட்டத் தொடங்கினார்.

வேறு ஒரு கையும் எழவில்லை. கூடம் வழக்கம்போல ஸ்டார்ட்டர் அக்காவைப் பார்த்தது. பார்த்த பிறகுதான், தொடங்க வேண்டியவளே மேடையில் நிற்கிறாள் என்பது உறைத்தது. தகரக் கூரைக்குக் கீழே சிரிப்பு சாரின் தனிக் கைதட்டல் பிசுபிசுத்தது. யாராவது தொடங்கித்தான் ஆக வேண்டும்.

அவள் இரண்டு கைகளையும் மார்புக்கு நேராகத் தூக்கினாள். தட்டினாள். மெதுவாக. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பழைய இடைவெளி அப்படியே இருந்தது.

கூடம் சேர்ந்துகொண்டது.

சிரிப்பு சார் அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் வேறு பெரிய ஆலைக்குப் போனார். மேலாளர்களுக்கு வகுப்பு எடுக்கவும் அவரைக் கூப்பிடுகிறார்களாம். தன் தவறைத் தானே ஒத்துக்கொண்டு, தனக்குத் தானே கைதட்டிக்கொண்ட ஒரு பெண்மணியின் கதையை அங்கே சொல்கிறார் என்றும், கேட்பவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள் என்றும் கேள்வி. இப்போது இருப்பவர் பெட்டியை அப்புறப்படுத்திவிட்டு, "என் அறைக் கதவு எப்பவும் திறந்திருக்கும்" என்று அறிவித்திருக்கிறார். திறந்துதான் இருக்கிறது. காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு சோப்புக் கட்டியை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

கூட்டம் நடந்த அன்று, ஸ்டார்ட்டர் அக்கா மத்தியானமே வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்த மருமகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இடது கை கட்டுக்குள் மூட்டை போல இருந்தது. மாமியார் செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள், அடுப்பைத் துடைத்தாள், துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தாள்.

"மேடையில ஏறினீங்களாமே" என்றாள் மருமகள்.

"யாரு சொன்னா?"

"மடிப்புக்காரி போன் பண்ணினா."

"அவளுக்கு நாக்கு இல்ல, தந்திக் கம்பி." சிரிப்பு வரவில்லை இரண்டு பேருக்கும். "உன்கிட்டதான்டி முதல்ல சொல்லியிருக்கணும். அங்க ஏறி என்னத்துக்குச் சொன்னேன்? தினமும் உன் கையைப் பார்த்துட்டேதானே நின்னேன். இந்த வாய் திறக்கல."

"எனக்குத் தெரியும் அத்தை."

"அதான், அவ போன்ல..."

"அப்பவே தெரியும்னு சொல்றேன்." மருமகள் ஜன்னலைப் பார்த்தாள். "ஒரு நாள் குனியறப்ப முழங்கை கம்பியில பட்டுச்சு. நின்னுச்சு. ஆனா விரிப்பு இன்னும் ஒரு சாண் உள்ள போயிட்டுத்தான் நின்னுச்சு. நீங்க அன்னிக்குத் தண்ணி குடிக்கப் போயிருந்தீங்க."

மாமியாரின் கையில் இருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"சரின்னு கத்துறது நீங்கதானே. நான் சொன்னா உங்களைத்தான் ஏத்துவாங்க. உங்களுக்கு எப்படித் தட்டுவாங்கன்னு நினைச்சுப் பார்த்தேன். எத்தனை பேரு உங்க கையால வாங்கியிருக்காங்க, சும்மா விடுவாங்களா? வேண்டாம், நானே பார்த்து நடந்துக்கலாம்னு இருந்துட்டேன்."

வெளியே கொடியில் காய்ந்த விரிப்பை எடுத்து வந்தாள் மாமியார், மடிக்க வேண்டும். தனியாக மடிக்க முயன்றாள். எத்தனை வருஷப் பழக்கம் இருந்தாலும் இரண்டு பேர் மடிப்பதை ஒருத்தி மடிக்க முடியாது. அது சுருண்டு சுருண்டு தரையில் விழுந்தது.

மருமகள் எழுந்து வந்தாள். ஒரு முனையை வலது கையில் எடுத்தாள். இன்னொரு முனையை இடது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். எதிரே மாமியார் மற்ற இரண்டு முனைகளைப் பிடித்தாள். நடுவில் விரிப்பு தொய்ந்து கிடந்தது.

"இழுங்க அத்தை" என்றாள் மருமகள். "சுருக்கமா இருக்கு பாருங்க. இழுங்க."

அவளால் இழுக்க முடியவில்லை.